கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு

மாலை நாலே முக்காலுக்கு அந்த மஞ்சள் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பும். வீட்டு வாசலில் நின்றதும் ஹஃபீசா அக்கா இன்ஜினை அணைப்பார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை உருவித் துப்பட்டா முனையில் முடிந்துகொள்வார். அதோடு இறங்கி உள்ளே போய்விடலாம். போக மாட்டார். சுற்றி வந்து பக்கக் கதவைத் தள்ளித் திறப்பார். குனிந்து ஏறி, முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு சீட்டாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே பின்னால் போவார். வரிசைக்கு ஒருமுறை மண்டியிட்டு சீட்டுக்கு அடியிலும் பார்ப்பார். கடைசி சீட்டில் கை போனதும் இரண்டு தட்டு. வலிக்காத தட்டு. பிறகுதான் கதவு சாத்தப்படும்.

வேனில் அப்போது யாரும் இருப்பதில்லை. கடைசிப் பிள்ளையை அகரம்தென்னில் இறக்கிவிட்ட இடத்திலேயே இதெல்லாம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கும். வீட்டு வாசலில் நடப்பது இரண்டாவது.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நாவலூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை. ஜன்னலோரம்தான் மேசை, பார்க்காமல் இருக்க முடியாது. வந்த புதிதில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு, தூசி துடைக்கிறார் என்று. அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன்.

எதிர்ப்பக்கம் தன் வேனை நிறுத்தும் சின்னப்பன் மட்டும் விடுவதில்லை.

"இன்னாக்கா, டெய்லி சீட்டுக்குத் தைலம் தேய்ச்சு வுடுறியா?"

"ஒன் வாய்க்குத்தான் தேய்க்கணும். கொஞ்ச நேரம் மூடிக்கினு இருக்கும்."

ஹஃபீசா அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் மொஹ்சின் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் அவரைப் பார்க்க முடியாது, மழைக்காலத்தில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். அக்கா முதலில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயாவாக இருந்து, எட்டு வருஷத்துக்கு முன் லைசென்ஸ் எடுத்து, வேன் வாங்கியவர். இப்போது பதினெட்டுப் பிள்ளைகள். அதில் பதினாலு பேர் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி இருக்கும் ஒரே அபார்ட்மென்டிலிருந்து வருகிறவர்கள்.

பொங்கல் லீவு முடிந்த வாரம், அந்த அபார்ட்மென்டின் செக்ரட்டரி லோகநாதன் அவரைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஒரு வேன் கம்பெனி வந்து பேசியிருக்கிறது. அவர்களிடம் ஆப் இருக்கிறது. வண்டி எங்கே வருகிறது, பிள்ளை ஏறியதா, இறங்கியதா, எல்லாம் போனிலேயே தெரியும். பிப்ரவரி கடைசி ஞாயிறு மீட்டிங். ஜூனிலிருந்து யார் வண்டி என்பதை அன்றைக்கு முடிவு செய்வார்கள்.

"உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லம்மா. ஆனா பேரன்ட்ஸ் எல்லாம் ஆப் கேக்கறாங்க. நான் என்ன பண்றது?"

பதினாலு பேர் போய்விட்டால் மீதி நாலு பேருக்காக அந்தப் பெரிய வேனை ஓட்ட முடியாது. விற்றுவிட்டு மறுபடி எங்கேயாவது ஆயாவாகப் போக வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை என்னிடம் மோட்டார் போடு, மோட்டார் நிறுத்து என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. கதவருகே நின்றபடி மேசையை நோட்டம் விட்டார். அங்கே விரித்துக் கிடந்த கவிதைப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இன்னா தம்பி, பாதிப் பக்கம் காலியா கீது? பிரின்ட்டு சரியா வுழலையா?"

"கவிதைக்கா. அப்படித்தான் போடுவாங்க."

"ஓ." புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். "யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். ஏஐகிட்ட வாயால சொன்னா போதுமாம், ஆப்பு அதுவா வந்துருமாம். நெசமா?"

"ஓரளவுக்கு நெசம்தான்."

"அப்ப எதாண்ட சொல்லணும்? அவன் பத்து பேர் சொல்றான். ஒண்ணொண்ணுக்கும் 'இதான் பெஸ்ட்டு'ங்கறான்."

பத்து இருந்தது உண்மைதான். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் என்றாலும் எனக்கும் எது நல்லது என்று தெரியாது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். சில, சொன்னதைக் கேட்டு மொத்த ஆப்பையும் தாமே செய்து கொடுத்துவிடும். பிரவுசரில் பேசினால் போதும். சில, கோட் எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரும். அதை எடுத்துக் கோப்பது நம் வேலை. இலவசமாக எவ்வளவு நேரம் பேச விடும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அந்தத் தாளில் ஏழு பெயர்களை அடித்தோம். மூன்று மிஞ்சியது.

மூன்றுக்கும் அக்கா ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். லேப்டாப்பின் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து, பள்ளிக்கூட வாசலில் பேசுகிற சத்தத்தில்: "பதினெட்டுப் புள்ளைங்க. காலைல ஏத்தணும், சாயங்காலம் எறக்கணும். ஏறிச்சா எறங்கிச்சான்னு அம்மா அப்பாவுக்குத் தெரியணும்." மூன்றும் புரிந்துகொண்டன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலாவது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு ஆப்பைக் காட்டியது. மஞ்சள் பஸ், நீல வானம், மேப்பில் நகரும் புள்ளி. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகங்கள். அக்கா அதற்கு ஜிகினா என்று பெயர் வைத்தார்.

"சரி, இதைக் கேளு. கடைசிப் புள்ள எறங்கினதும் இன்னா பண்ணுவே?"

ஜிகினா பெருமையாகச் சொன்னது: வண்டி கடைசி நிறுத்தத்தை அடைந்ததும் பயணம் தானாகவே முடிந்துவிடும், பெற்றோருக்கு நன்றிச் செய்தி போகும். செய்தும் காட்டியது. திரையில் பலூன்கள் பறந்தன.

அக்கா பலூன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தானா முடிஞ்சுதுன்னா, வண்டிக்குள்ள யார் பாத்தா?"

இரண்டாவது, எதைச் சொன்னாலும் ஒத்துக்கொண்டது. தானாக முடியக் கூடாது என்றார் அக்கா. நிச்சயமாக, மாற்றிவிட்டேன் என்றது. ஓட்டிப் பார்த்தால் தானாகத்தான் முடிந்தது. மன்னிக்கவும், இப்போது சரிசெய்துவிட்டேன் என்றது. மறுபடியும் தானாக முடிந்தது. நாலாவது முறை அக்கா மைக்கை விட்டு நிமிர்ந்தார்.

"இது எங்க வூட்டுக்காரர் மாதிரி. எல்லாத்துக்கும் 'சரிம்மா'ங்கும். ஒண்ணும் நடக்காது." அதன் பெயர் சரிம்மா ஆயிற்று.

மூன்றாவது, கோட் எழுதித் தரும் வகை. பார்க்க ஒன்றுமில்லை, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கடைசிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் அது பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டது. பயணம் முடிந்ததை யார் உறுதிசெய்ய வேண்டும்? ஓட்டுநரா, பெற்றோரா? பட்டியலில் எல்லோரும் இறங்கிவிட்டதாக இருந்து, வண்டிக்குள் யாராவது இருக்க வாய்ப்புண்டா? அப்படியானால் வண்டி காலியாக இருப்பது எப்படித் தெரியும்?

நான் வாசித்துக் காட்டினேன். அக்கா கதவருகே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார்.

"இதாம்பா. இது கேக்குது பாரு."

"வாத்தியார் மாதிரி இருக்குக்கா."

"இருக்கட்டும். வாத்தியாரே போதும்."

எனக்கு அதில் இஷ்டமில்லை. ஜிகினா என்றால் அன்றைக்கே கொடுத்துவிடலாம். வாத்தியார் என்றால் நான் உட்கார்ந்து கோக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும், முடிந்த பிறகும் அழகாக இருக்காது. மீட்டிங்கில் நூறு பேர் பார்க்கப்போவது திரையைத்தான். இதை அக்காவிடம் இரண்டு நாள் கழித்து, அவர் துணி உலர்த்த மொட்டை மாடிக்கு வந்தபோது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"கூட்டத்துக்குக் காட்டவா தம்பி, வண்டி ஓட்டவா?"

"ரெண்டுக்கும்தான்க்கா."

"ரெண்டுத்துல ஒண்ணுதான்னா?"

நான் கொடியில் தொங்கிய க்ளிப்பை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

வாத்தியாரோடு மூன்று வாரம். பாதி வேலையில் அன்றைய இலவச அளவு முடிந்துபோகும், மறுநாள் காலைதான் மறுபடி பேசும். பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய பட்டன். ஏறும்போது ஒரு அழுத்து, இறங்கும்போது ஒரு அழுத்து. அழுத்தினதும் பெற்றோரின் போனுக்குச் செய்தி. வண்டி காலி என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விடை சொன்னது அக்காதான்.

"கடையில காசு அனுப்ப கட்டம் கட்டமா ஒண்ணு ஒட்டி வெச்சிருக்காங்களே, அதுல ஒண்ணு எடுத்து என் கடைசி சீட்டுல ஒட்டு. நான் பின்னாடி போய் அதை போன்ல காட்டணும். காட்டினாத்தான் முடியணும். இங்கருந்து அங்க போவாம முடியவே கூடாது."

அப்படியே செய்தோம். ஸ்கேன் ஆனதும் எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி போகும்: 'வண்டி காலி. பார்த்தாச்சு.' வாசகம் அக்காவுடையது.

முதல் சோதனைக்கு ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அதுவரை அக்காவின் ஆப் மிஸ்டு கால்தான். அபார்ட்மென்டுக்கு முந்தின வளைவில் வேனை ஓரங்கட்டி, அங்கே பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கெல்லாம் வரிசையாக ஒரு மணி அடித்துக் கட் பண்ணுவார். கேட்டுக்குப் போய் நிற்கும்போது பிள்ளைகள் இறங்கி வந்திருக்கும். அன்றைக்கு, நான் சொன்னேன் என்பதற்காக, மிஸ்டு கால் கொடுக்காமல் ஆப்பில் 'வருகிறேன்' பட்டனை மட்டும் அழுத்தினார். கேட்டில் போய் நின்றால் ஐந்து பிள்ளைகள்தான். ஒன்பது பேரைக் காணோம். வாட்ச்மேன் பிளாக் பிளாக்காக ஓட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆப்பில் ஒரு தப்பும் இல்லை. செய்தி சரியாகத்தான் போயிருந்தது. அப்பாக்களின் போனுக்கு. அப்பாக்கள் ஏழு மணிக்கே ஆபீஸ் பஸ் பிடித்துப் போய்விட்டிருந்தார்கள். பிள்ளையைக் கீழே கொண்டுவிடுகிற தாத்தாவிடமும் வேலைக்கார அம்மாவிடமும் இருந்தது பட்டன் போன். அதில் ஆப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மணி மட்டும் அடிக்கும். சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இருந்த ஒன்பது அப்பாக்களுக்கு வேன் வந்துவிட்டது தெரிந்திருந்தது.

லோகநாதன் அக்காவுக்குப் போன் செய்தார். நல்லவிதமாகத்தான் பேசினார், அதனால்தான் பயமாக இருந்தது. சின்னப்பன் சாயங்காலம் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான்.

"பேஜாராப் பூட்ச்சாமே. மாடியில கீற சைன்டிஸ்ட்டு இன்னா சொல்றாரு?"

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "மிஸ்டு கால் பட்டன் ஒண்ணு வெச்சுடு தம்பி" என்றார். வைத்தேன். அழுத்தினால் அந்த வீட்டுக்குப் போன் போகும். கட் பண்ணுவது அவர் பொறுப்பு.

அவருக்குக் கோபம் வந்தது வேறொரு நாளில், வேறொன்றுக்காக. மீட்டிங்குக்கு ஒரு வாரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கடைசி சீட் வரை போய் ஸ்கேன் செய்து காட்டினால் நேரமாகும், ஸ்டியரிங் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் சட்டென்று முடியும் என்று சின்னப்பன் யோசனை சொன்னான். எனக்கும் சரி என்று பட்டது. இன்னொரு பிரதி எடுத்து டேஷ்போர்டில் ஒட்டினேன். மறுநாள் காலை அக்கா கீழிருந்து கூப்பிட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இத யார் ஒட்டினது?"

நான் படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். "நான்தான்க்கா. ஈஸியா இருக்கும்னு..."

"ஈஸியா இருக்கக் கூடாதுன்னுதானேடா இம்மாம் பாடு!"

என்னை அவர் 'டா' போட்டது அந்த ஒருமுறைதான். நகத்தால் ஸ்டிக்கரைக் கிளற ஆரம்பித்தார். நல்ல பசை, வரவில்லை. துணுக்குத் துணுக்காகப் பிய்த்தார். ஒரு மூலை ஒட்டிக்கொண்டே இருந்ததால் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார். காலை டிரிப்புக்கு ஐந்து நிமிடம் தாமதம். ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவா என்றுதான் அப்போது தோன்றியது.

மீட்டிங் அபார்ட்மென்டின் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. முதலில் வேன் கம்பெனிக்காரர். வெள்ளைத் துணியில் மேப் விழுந்தது. சின்ன மஞ்சள் வேன் ஒன்று வேளச்சேரி மெயின் ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளை முன்வரிசையில் கைதட்டியது. ஜிகினாவைவிட அழகு. நான் தூண் மறைவில் நின்றிருந்தேன்.

அடுத்து அக்கா. தன் போனை உயர்த்திப் பிடித்து பட்டன்களைக் காட்டினார். பின்வரிசைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"லைவ் டிராக்கிங் இருக்கா?" என்றார் டிராக் பேன்ட் போட்ட ஒரு அப்பா.

"இல்ல சார். முனைக்கு வந்ததும் மிஸ்டு கால் வரும்."

சிரிப்பு எழுந்தது. கேலி இல்லை. ஆனால் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற யாருக்காவது டவுட் இருக்கா?"

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அருள்மேரி. சேலையூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவருடைய இரண்டு பையன்களும் அக்கா வண்டியில்தான். மூத்தவன் ஏழாவது. இந்த மாதிரிக் கூட்டங்களில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்று பக்கத்து நாற்காலிகள் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது.

"சார்," என்றார் கம்பெனிக்காரரிடம். "கடைசிக் குழந்தை இறங்கினதும் உங்க ஆப்ல என்ன ஆகும்?"

"ஆட்டோமேட்டிக்கா டிரிப் க்ளோஸ் ஆயிடும் மேடம். டிரைவர் எதுவும் செய்ய வேண்டாம்."

"உங்களதுல?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைப் பார்த்தபடி சொன்னார். "பின்னாடி போய்ப் பாத்தாத்தான் முடியும்."

"தானா முடியாதுல்ல?"

"முடியாது."

"எங்க வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் இவங்க வண்டியிலதான் வருவாங்க. எழுதிக்குங்க சார்" என்றுவிட்டு அருள்மேரி உட்கார்ந்தார்.

எல்லோரும் அவர் பின்னால் வந்துவிடவில்லை. பட்டன் போன் தாத்தா ஒருவர் மிஸ்டு காலே போதும் என்றார். அந்தத் திங்கட்கிழமை ஓடிய வாட்ச்மேன், கேட்காமலேயே, அன்னிக்கு ஒருநாள்தான் சார் அப்படி என்றார். டிராக் பேன்ட் அப்பா கம்பெனி வேனுக்குப் பெயர் கொடுத்தார், இன்னும் சிலர் கொடுத்தார்கள். முடிவில், ஒன்பது பிள்ளைகள் அக்காவோடு, ஐந்து பிள்ளைகள் கம்பெனியோடு. ஏற்கெனவே இருந்த நாலு பேருடன் பதின்மூன்று. வேனை விற்க வேண்டாம். திரும்பி வரும்போது நான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாத்தியார்கிட்ட சொல்லிடு, பாஸாயிட்டோம்னு" என்றார்.

இரண்டு பெண்கள் ஒரே கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்று அன்று இரவு கொஞ்சம் யோசித்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அப்படித்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் எனக்குக் காய்ச்சல். சேலையூர் கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்தது அருள்மேரிதான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஊசி ஏறும்போது வேறு பேச்சு பேச வேண்டும் என்று பழக்கப்பட்டவர் போல, சாவகாசமாகச் சொன்னார்.

எட்டு வருஷத்துக்கு முன், அக்கா வேன் வாங்கிய முதல் மார்ச் மாதம். அருள்மேரி குடும்பம் அப்போது மாடம்பாக்கத்தில் இருந்தது. மூத்தவன் எல்.கே.ஜி. மதிய டிரிப்பில் கடைசி சீட்டில் தூங்கிப்போனான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அக்கா வேனை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். போனை வேனிலேயே மறந்துவிட்டதால்தான் திரும்ப வந்தார். அதற்குள் இருபது நிமிடம். பையன் வேர்த்து நனைந்து தூங்கிக்கொண்டிருந்தான். தட்டியதும் எழுந்து தண்ணீர் கேட்டான். அவ்வளவுதான். அவனுக்கு இன்றுவரை அது நினைவில்லை. பார்த்தவர்களும் யாருமில்லை.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடம்பாக்கம் வரை நடந்தே வந்து, வாசலில் நின்று, நடந்ததை அருள்மேரியிடம் சொன்னது ஹஃபீசா அக்காதான்.